தோல் யாரை உள்ளே விடும்?

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் ஒரு டேனரிக்குள் கால் வைத்தால் முதலில் மூக்கைத் தாக்குவது சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நெடி. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து அலசி, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கரைத்த நீரில் போடுகிறார்கள். முடி கரையும். முடியோடு சேர்ந்து மேல்தோலும் கூழாகி வழிந்துவிடும். அடிப்பக்கத்து ஜவ்வையும் கொழுப்பையும் ஃபிளெஷிங் இயந்திரம் சீவித் தள்ளும். நடுவில் மிஞ்சுகிற தடித்த பாகம்தான் குரோம் ஏறி நீலம் பாரித்து, 'வெட் புளூ' என்ற பெயரோடு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ஐரோப்பியக் கடைகளில் ஷூவாக அடுக்கப்படுவது அந்த நடுப்பாகம் மட்டும்தான்.

சாக்கடையோடு போகிற அந்த மேல்தோலின் உச்சியில் ஒரு படலம் உண்டு. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு கனம். முழுக்கச் செத்த செல்கள். தோல் வியாபாரிக்கு அது கழிவு. மருந்து விஞ்ஞானிக்கோ, கடக்க வேண்டிய தடையே அதுதான். உடம்பில் ஒட்டிக்கொண்டால் மருந்து உள்ளே இறங்கும் 'பேட்ச்' வகை மருந்துகளின் வெற்றியும் தோல்வியும் இந்தப் படலத்தில்தான் முடிவாகின்றன. மேல்தோலில் ரத்தக் குழாய் கிடையாது. ஷூவாகும் பாகம் எங்கே தொடங்குகிறதோ, ரத்த ஓட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை போய்ச் சேர்ந்த மருந்து ரத்தத்தில் கலந்துவிடும். மேலே நின்றுவிட்டதோ வெறும் பூச்சு.

படலத்தின் அமைப்பைச் செங்கல்லும் சாந்துமாக எழுப்பிய சுவரோடு ஒப்பிட்டார் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ். செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. 15 முதல் 20 வரிசை. உள்ளே போக நினைக்கும் மூலக்கூறு பெரும்பாலும் செங்கல்லைத் துளைப்பதில்லை. சாந்து வழியாக வளைந்து வளைந்து இறங்குகிறது. அதனால் அது சிறியதாக இருக்க வேண்டும், கொழுப்பில் கரைய வேண்டும். கீழே இருப்பது தண்ணீர் நிறைந்த உயிருள்ள திசு என்பதால், கொஞ்சம் நீரிலும் கரைந்தாக வேண்டும். நெதர்லாந்தின் போஸும் மைனார்டியும் 2000இல் ஓர் எல்லை சொன்னார்கள்: மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் நல்ல தோல் உள்ளே விடாது. நிகோட்டின் 162. நைட்ரோகிளிசரின் 227. ஃபென்டனில் 336. இன்சுலினோ ஏறக்குறைய 5,800.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருந்து வீரியமானதாக இருக்க வேண்டும். உள்ளங்கையளவு ஒட்டின் வழியாக ஒரு நாளில் இறங்குவது சில மில்லிகிராம். ரொம்பப் போனால் சில பத்து மில்லிகிராம். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கேட்கிற பாராசிட்டமாலுக்கு ஏன் பேட்ச் இல்லை என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்: மூலக்கூறு சின்னதுதான், ஆனால் தேவையான அளவை இறக்க முதுகு முழுக்க ஒட்டினாலும் போதாது.

இதையெல்லாம் அளந்து பார்க்க மருந்தியல் கல்லூரிகளில் ஒரு கண்ணாடிச் சாதனம் இருக்கிறது. 1975இல் இதைப் பற்றி எழுதிய ஃபிரான்ஸின் பெயரால் 'ஃபிரான்ஸ் செல்' என்கிறார்கள். மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் ஒரு துண்டுத் தோல். மூன்றையும் ஒரு கிளிப் இறுக்கிப் பிடித்திருக்கும். கீழ்க் கிண்ணத்தில் ரத்தத்துக்குப் பதிலாக உப்புக் கரைசல், உடல் வெப்பத்தில். அடியில் காந்தக் குச்சி ஒன்று ஓயாமல் சுழன்று கலக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய் வழியாக மணிக்கு ஒரு தரம் சொட்டு எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியது என்று பார்ப்பார்கள். மனிதத் தோல் எளிதில் கிடைக்காது. பன்றியின் காதுத் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கம் என்பது பொதுவான கருத்து. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இறைச்சிக் கடை ஆட்டுத்தோலும் ஓடுகிறது. மேல்தோலை மட்டும் தனியே எடுக்க வேண்டுமானால் 60 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும், பிரிந்து வந்துவிடும். டேனரி தூக்கி எறிவதை ஆய்வகம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆய்வகத்துக்கு மிச்சம்தான் கழிவு.

ஆனால் கண்ணாடிச் சாதனம் வருவதற்கு வெகுநாள் முன்பே இந்தச் சோதனை நடந்துவிட்டது. நடந்த இடம் தொழிற்சாலை. சோதனைக்குள்ளான தோல், அங்கே வேலை செய்தவர்களுடையது.

நைட்ரோகிளிசரினை 1847இல் இத்தாலியின் டூரின் நகரில் முதலில் தயாரித்தவர் அஸ்கானியோ சொப்ரேரோ. ஒரு துளியை நாக்கில் வைத்ததற்கே மண்டை பிளக்கும் தலைவலி வந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஆல்ஃபிரட் நோபல் அதையே டைனமைட்டாக்கி 1867இல் காப்புரிமை பெற்றார். டைனமைட் ஆலைகள் பெருகப் பெருக, அங்கே ஒரு விசித்திரமான நோய் தென்பட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் தலைவலி. செவ்வாய், புதனில் தணிந்துவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. காற்றோடு மூச்சிலும், கை வழியாகத் தோலிலும் இறங்கிய நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரித்ததுதான் காரணம். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டால் பழக்கம் போய்விடும். தொழிலாளர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்து, விடுமுறை நாளிலும் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு போனார்கள். நெற்றித் தோல் வழியாக மருந்து செலுத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

அதே வேதிப்பொருளை 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் முரெல் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்தார். பிற்பாடு நோபலுக்கே இதய நோய் வந்து, அவருடைய மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நீலகிரியின் அரவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையில் துப்பாக்கிக்கு மருந்து செய்யவும் இது ஒரு மூலப்பொருள். மாரடைப்பு என்று அவசரப் பிரிவுக்குப் போகிறவர் நாக்கடியில் வைக்கப்படும் மாத்திரைகளில் ஒன்றும் இதுதான். நாக்கடி என்பதற்குக் காரணம் உண்டு. விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். அங்கேயே பெரும்பங்கு சிதைந்துவிடும். தோலும் நாக்கடியும் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைகள். 1981இல் நைட்ரோகிளிசரின் பேட்ச் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வந்த வேகத்தில் பழைய சிக்கலும் கூடவே வந்தது. 24 மணி நேரமும் ஒட்டிவைத்திருந்த நோயாளிகளுக்குக் கொஞ்ச நாளில் மருந்து பிடிக்காமல் போயிற்று. டைனமைட் ஆலையின் புதன்கிழமை, நோயாளியின் நெஞ்சில். இப்போது இரவில் பேட்சைக் கழற்றி வைத்து, 10 முதல் 12 மணி நேரம் உடம்பை மருந்தில்லாமல் விடச் சொல்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தினசரி இரவாகச் சுருங்கி மருந்துச் சீட்டில் ஏறியிருக்கிறது.

வேலூர்ப் பக்கத்தில் தோலுக்கு அடுத்த கைத்தொழில் பீடி. குடியாத்தத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்களின் விரல்களில் நாள் முழுக்கப் புகையிலைத் தூள். அவர்கள் புகைப்பதில்லை, ஆனாலும் தூசியாக மூக்கிலும் விரல் வழியாகத் தோலிலும் நிகோட்டின் ஏறுகிறது. இலையாகவே கையாள்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். பனியில் நனைந்த புகையிலையை அறுக்கும்போது நீரில் கரைந்த நிகோட்டின் கை, தொடை, முதுகு வழியாகவெல்லாம் இறங்கும். வாந்தி, தலைச்சுற்றல், பலவீனம். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் குஜராத் வயல்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புகையிலை அறுத்தவர்களுக்கு வந்த இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மரே ஜார்விக், தலைகீழாக யோசித்தார். நச்சாக இறங்குகிற நிகோட்டினை அளவோடு இறக்கினால் சிகரெட்டை விட உதவுமா? 1980களின் தொடக்கத்தில் ஜெட் ரோஸும் அவரும் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைக்காததால் தங்கள் தோலிலேயே நிகோட்டினைப் பூசிப் பார்த்தார்கள். நாடித் துடிப்பு ஏறியது, ரத்த அழுத்தம் ஏறியது. வேலை செய்கிறது என்று தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் நிகோட்டின் பேட்ச் கடைக்கு வந்தது. 21 மில்லிகிராமில் தொடங்கி 14, 7 என்று படிப்படியாகக் குறைப்பார்கள். மருந்தில்லாத போலி ஒட்டோடு ஒப்பிட்டால் புகைப்பதை நிறுத்துபவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். பெரிய வெற்றியா என்றால் இல்லை. பெரும்பாலோர் திரும்பவும் பற்றவைத்துவிடுகிறார்கள். சிகரெட் சில நொடிகளில் தருகிற உச்சத்தைப் பேட்ச் தராது. மெல்ல, சீராக இறங்குவதுதான் அதன் குணம், குறையும் அதுவே.

தோலைப் பற்றித் தெரிந்த பலவற்றுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒருவர் கேட்காமலே கொடுத்த தோல் இருக்கிறது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஆல்பர்ட் கிளிக்மன், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் இருபது ஆண்டுக்கும் மேலாகத் தோல் சோதனைகள் நடத்தியவர். 1974இல்தான் அது நின்றது.

தோலில் ஒட்டி மருந்து செலுத்துவது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் புறமருந்து 32 வகை என்பார்கள். பற்று, பூச்சு, கட்டு, ஒற்றடம் எல்லாம் அதில் வரும். தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடாத வீடு ஒரு காலத்தில் இல்லை. ஆனால் பற்றில் எத்தனை மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த எண்ணைச் சொல்ல முடிந்த நாளில்தான் பற்று பேட்ச் ஆகிறது.

முதலில் சொன்னவர் உருகுவேயில் பிறந்த அலெகாந்த்ரோ ஸஃபரோனி. 1968இல் தன் பெயரின் எழுத்துகளையே சேர்த்து 'ஆல்ஸா' என்ற நிறுவனத்தைக் கலிபோர்னியாவில் தொடங்கினார். மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட, இருக்கிற மருந்தை உடம்புக்குள் எந்த வேகத்தில் விடுவது என்பதுதான் அவருடைய நிறுவனத்தின் வேலை. தோல் ஒட்டுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் மருந்து ஸ்கோபோலமின். தமிழ்நாட்டின் குப்பைமேடுகளில் தானாக முளைக்கும் ஊமத்தையில் இருக்கும் நச்சுப் பொருள்களில் ஒன்று அது. கொஞ்சம் கூடினால் சித்தம் கலங்கும்; சரியான அளவில் குமட்டலை நிறுத்தும். மாத்திரையாகக் கொடுத்தால் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் அளவை, ஒரு நாணயம் அளவே உள்ள வட்ட ஒட்டு மூன்று நாள் நிதானமாக விட்டது. 1979இல் அமெரிக்க அரசு அனுமதித்த முதல் பேட்ச் இதுதான். கப்பல், விமானப் பயணத்தில் வாந்தி வருகிறவர்களுக்காக. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி போகிறவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஒட்டும் இடம் காதுக்குப் பின்புறம். சும்மா வைத்த இடமல்ல. உடம்பின் ஒவ்வொரு பகுதித் தோலும் ஒவ்வொரு அளவு விடும். ஃபெல்ட்மனும் மைபாக்கும் 1967இல் ஹைட்ரோகார்டிசோனை வைத்து அளந்தார்கள். முன்கையை 1 என்று கொண்டால் உள்ளங்கால் 0.14, உச்சந்தலை 3.5, நெற்றி 6, தாடை ஓரம் 13, விரைப்பை 42. வெறுங்காலோடு நடப்பவனின் பாதம் எதையும் எளிதில் விடாது என்பது இதில் தெரிகிறது. ஸ்கோபோலமின் ஒட்டைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து நிற்கும். மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்து ஸ்கேன் வரை போனவர்கள் உண்டு. ஒட்டியபின் கையைக் கழுவச் சொல்வது இதனால்தான்.

மருந்து, நஞ்சு என்று தோலுக்குப் பேதம் தெரியாது. தோல் நகரங்களில் இதற்குச் சாட்சி குரோமியம். பதனிடப் பயன்படும் குரோம் உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. அது மேல் படலத்துப் புரதத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே போவது குறைவு. ஆறு இணைதிறன் வகை அப்படியல்ல. படலத்தைத் தாண்டி இறங்கி, உள்ளே போனபின் மூன்றாக மாறி, அங்கே புரதத்தோடு சேர்ந்து ஒவ்வாமையைக் கிளப்பும். பதனிட்ட தோல் சூட்டிலும் வறட்சியிலும் கிடக்கும்போது மூன்றில் கொஞ்சம் ஆறாக மாறிவிடலாம். 2015 மே 1 முதல், தோலில் படும் தோல் பொருள் எதிலும் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. ஆம்பூர் ஷூக்களுக்கு இந்த மூன்று மில்லிகிராம் பெரிய எண். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கழிவில் இருப்பதும் அதே ஆறு இணைதிறன் வகைதான்.

கப்பலில் போகும் தோல் பொருள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அட்டைப்பெட்டிக்குள் போடும் சிறு பொட்டலங்களில் ஒரு காலத்தில் டைமெத்தில் ஃபியூமரேட் இருந்தது. 144 டால்டன். சீனத்துத் தோல் சோபாக்களில் உட்கார்ந்த ஐரோப்பியர்களுக்குத் துணியையும் தாண்டி முதுகும் தொடையும் வெந்து சிவந்த பிறகு, 2009இல் அதற்குத் தடை வந்தது. அதே வேதிப்பொருள் 2013இல் நரம்பு நோய் ஒன்றுக்கு வாய்வழி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பது இந்தக் கதையின் கிறுக்குத்தனம்.

யாருக்கு எதனால் தோல் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஒட்டுதான். சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 1895இல் யாடசோன் தொடங்கிவைத்த முறை. நம் ஊர்த் தோல் மருத்துவர்களின் பட்டியலில் குரோமேட் தவறாது இடம்பெறும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் பியூட்டைல் ஃபீனால் வகைப் பொருளும் அப்படியே. நெற்றி நடுவில் அரிப்போடு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்து வருகிற பெண்கள் அவர்களுக்குப் பழக்கமான காட்சி. மருந்து பேட்சுக்கும் பசை வேண்டும். பேட்சைப் பாதியில் நிறுத்துகிறவர்களில் பலருக்குச் சிக்கல் மருந்தால் வருவதல்ல, பசையால் வருவது.

காட்பாடி ஜங்ஷனில் ஹௌரா, குவாஹாட்டிப் பக்கத்து ரயில்கள் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களில் பலர் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இன்று வேலூர் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்து, வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசத்து நோயாளிகளை வரவழைக்கிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களின் பெயர்ப் பலகையில் வங்காள எழுத்து. புற்றுநோய் முற்றியவர் சிகிச்சை முடிந்து ஒன்றரை நாள் ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். விழுங்க முடியவில்லை, வாந்தி நிற்கவில்லை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி போட ரயிலில் ஆளில்லை. இப்படிப்பட்டவருக்காகவே செய்ததுபோல் இருப்பது ஃபென்டனில் பேட்ச். மார்பிலோ முதுகிலோ ஒட்டினால் 72 மணி நேரம் வலி அடங்கியிருக்கும். 1990இல் அமெரிக்காவில் வந்தது. மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியம் என்பதால் மணிக்கு 25 மைக்ரோகிராம் இறங்கினாலே கணிசமான வலி தணியும்.

இந்தியாவில் அது நோயாளியின் கைக்கு வந்துசேர்ந்த பாதை சுற்றுப்பாதை. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எவ்வளவு கெடுபிடியாக இருந்தது என்றால், உலகுக்கே அபின் விளைவித்துத் தரும் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு அந்த ஆண்டின் பல நூறு கிலோவிலிருந்து 1997இல் வெறும் 18 கிலோவாக விழுந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'இன்றியமையாத போதை மருந்துகள்' என்று தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கு மூச்சு விட முடிந்தது.

இந்த ஒட்டைக் கையாளத் தெரிய வேண்டும். ஒட்டியவுடன் வலி போகாது. முதலில் தோலின் கொழுப்பில் மருந்து சேர்ந்து, பிறகுதான் ரத்தத்துக்கு வரும், அதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். கழற்றினாலும் உடனே நிற்காது, தோலில் சேர்ந்த இருப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் வரை பிடிக்கலாம். மூச்சுத் திணறுகிறது என்று பிய்த்து எறிந்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. சூடு இன்னொரு எதிரி. உடல் வெப்பம் 40 டிகிரியானால் ரத்தத்தில் ஃபென்டனில் மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று அதன் மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒட்டின்மேல் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது, ஒட்டோடு வெயிலில் காய்வது, காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவது மூன்றும் ஆபத்து. வியர்வையில் ஓரம் பெயர்ந்தால் அளவு குறையும். மேலே ஒரு டேப் ஒட்டி ஓரத்தை அமுக்கலாம், நடுவில் கத்தரிக்கக் கூடாது. மூட்டுவலிக்காரருக்கு, 'இதுவும் வலி ஒட்டுதானே' என்று பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி ஒட்டினால் மூச்சே நின்றுபோகும்.

மூன்று நாள் முடிந்து கழற்றிய ஒட்டிலும் மருந்து மிச்சம் இருக்கும், சில சமயம் பாதிக்கு மேலேயே. 15 ஆண்டுகளில் குழந்தைகள் கைக்குத் தவறிப்போன ஃபென்டனில் ஒட்டுகளால் 26 சம்பவங்கள், அதில் 10 மரணங்கள் என்று 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. பெரியவர் மடியில் விளையாடிய பிள்ளையின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்ததும் உண்டு, குப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டதும் உண்டு. ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, தந்த மருத்துவமனையிடமே திருப்பிக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு கறாரான தோலை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒட்டுகளுக்கும் பஞ்சமில்லை. இரவில் உள்ளங்காலில் ஒட்டிப் படுத்தால் உடம்பின் நச்செல்லாம் கறுப்பாக இறங்கிவிடும் என்று இணையத்தில் விற்கிற ஒட்டு அதில் ஒன்று. காலையில் அது கறுப்பாவது நிஜம். வியர்வை பட்டால் உள்ளே இருக்கும் பொடி கறுக்கும், தண்ணீர் தெளித்தாலும் கறுக்கும். இந்த வகையில் புகழ்பெற்ற 'கினோகி' மீது அமெரிக்க வணிக ஆணையம் 2009இல் வழக்குப் போட்டது. உடம்பிலேயே மிகக் குறைவாக விடுகிற 0.14 தோலைத் தேர்ந்தெடுத்ததற்காகவாவது விற்பனையாளர்களின் துணிச்சலைப் பாராட்டலாம்.

நல்லெண்ணத்தோடு வந்ததும் உண்டு. 2015இல் 'கிரே' விளம்பர நிறுவனமும் நாசிக்கின் நீல்வசந்த் மருத்துவ அறக்கட்டளையும் சேர்ந்து, அயோடின் தடவிய ஸ்டிக்கர் பொட்டை மகாராஷ்டிர கிராமப் பெண்களுக்குக் கொடுத்தன. யோசனை அழகு. அயோடினின் அன்றாடத் தேவை சில நூறு மைக்ரோகிராமைத் தாண்டாது, நெற்றியும் தாராளமாக விடுகிற இடம். ஆனால் அயோடின் ஆவியாகிப் பறக்கிற பண்டம். பொட்டிலிருந்து நெற்றிக்குள் எவ்வளவு, காற்றில் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அயோடின் கலந்த உப்பு கிடைக்கிற கடை பக்கத்தில் இருந்தால் உப்பு வாங்குவதே மேல்.

சர்க்கரை நோயாளிகள் மேற்கையில் வட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்த்து இன்சுலின் பேட்ச் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது அளக்கும் கருவி. தோலுக்கடியில் மெல்லிய இழை ஒன்றைச் செருகி ரத்தச் சர்க்கரையைக் கணிக்கிறது, மருந்து எதையும் விடுவதில்லை. 5,800 டால்டன் இன்சுலினுக்குச் சாந்து வழி இல்லை.

வழி இல்லாவிட்டால் துளை போடலாம் என்று ஆல்ஸா நிறுவனத்திலேயே யோசித்து, 1976இல் காப்புரிமையும் பெற்றார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான ஊசிகளை வரிசையாக நட்ட ஒட்டு: மேல் படலத்தைத் துளைக்கும், வலி நரம்பைப் பெரும்பாலும் தொடாது. அவ்வளவு நுண்ணிய ஊசியைச் செய்யும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. கம்ப்யூட்டர் சிப் செய்யும் முறைகள் கைவந்த பிறகு, 1998இல் ஜார்ஜியா டெக்கில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழு சிலிக்கானில் செய்து காட்டியது. இப்போது சர்க்கரை போன்ற கரையும் பொருளிலேயே ஊசியை வார்க்கிறார்கள்; சில நிமிடங்களில் ஊசி தோலுக்குள் கரைந்துபோய், வெறும் அட்டை கையில் வரும். குப்பையில் குத்துகிற ஊசி மிஞ்சாது.

இதற்கு இன்சுலினைவிடத் தடுப்பூசி பொருத்தம். ஒரு தடவை கொடுத்தால் போதும், அளவும் கொஞ்சம். 2017இல் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஒட்டின் மனிதச் சோதனை ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 2024இல் அதே இதழில் காம்பியாவிலிருந்து ஒரு முடிவு வந்தது: தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்த ஒட்டைக் குழந்தைகளின் மணிக்கட்டில் ஐந்து நிமிடம் வைத்ததில், 9 மாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்தது, வழக்கமான ஊசிக்குக் குறைவில்லை. 2024 வரை இப்படியொரு தடுப்பூசி ஒட்டு எந்த நாட்டிலும் விற்பனை உரிமம் பெறவில்லை. கோடிக்கணக்கில் அச்சுப்பிசகாமல் வார்த்தெடுக்கும் ஆலை வேண்டும், விலை இப்போதைய ஊசியோடு போட்டி போட வேண்டும். ஆனால் சுகாதாரத் துறைகள் இதன்மேல் கண் வைத்திருப்பதற்குத் தோலைக் காட்டிலும் பெரிய காரணம் ஐஸ் பெட்டி. தட்டம்மைத் தடுப்பு மருந்தை ஆரம்ப சுகாதார நிலையம் வரை 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2017 சோதனையில் பயன்பட்ட இன்ஃபுளுவென்சா ஒட்டோ 40 டிகிரியில் ஓராண்டு இருந்தும் கெடவில்லை. மே மாதத்தில் காட்பாடி நடைமேடையிலும் ஏறக்குறைய அவ்வளவு சூடுதான்.